மழையும் வெயிலும் விழும் முற்றத்தில் மரப் பெஞ்ச்: முதலில் ஒரு வாளித் தண்ணீர்

கேள்வி: திருவான்மியூரில் தரைத்தள வீடு. பின்பக்கம் 12 அடிக்கு 9 அடி திறந்த முற்றம், மேலே கூரை இல்லை. இரண்டு பக்கச் சுவர்களை ஒட்டி ‘ட’ வடிவில் நிரந்தரமான மரப் பெஞ்ச் அமைக்க விரும்புகிறோம். ஒரு கை 8 அடி, மறு கை 5 அடி. எந்த மரம் வாங்கலாம்? மழை, வெயில், கடல் காற்று மூன்றையும் தாங்க என்ன பூச வேண்டும்? பெஞ்சின் அடியில் மூடி போட்ட பெட்டியும் வேண்டும் என்கிறார் மனைவி.

பதில்: பெட்டி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம் என்று சொல்லுங்கள். கூரையில்லாத முற்றத்தில் நான்கு பக்கமும் அடைத்த மரப் பெட்டி என்றால் இருட்டு, ஈரம், காற்றில்லாமை மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிறீர்கள். கரையானுக்கும் தேளுக்கும் அதைவிட நல்ல வீடு கிடைக்காது. பொருள் வைக்க வேறு வழி இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்: எந்த மரம், எந்தப் பூச்சு. இரண்டும் தேவையான கேள்விகள்தான். ஆனால் முப்பது ஆண்டுகளாக மரத்தோடு புழங்கியதில், வெளியில் போட்ட பெஞ்சுகள் மரம் மட்டமானதால் கெட்டதைவிட, விழுந்த தண்ணீர் போக வழியில்லாமல் கெட்டதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். முதலில் பார்த்தது என் வீட்டிலேயே.

அப்போது எனக்கு மரத்தைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. இடித்த வீட்டிலிருந்து வாங்கிய பழைய பர்மா தேக்கு. கையில் தூக்கினாலே அதன் தரம் தெரியும். கால்களைத் தரையில் குழி பறித்து சிமென்ட் கலவையில் நட்டேன். பின்பலகையைச் சுவரோடு இடுக்கில்லாமல் சேர்த்து அடித்தேன். மேலே நான்கு கை வார்னிஷ். கல்யாண வீட்டுப் பந்தலில் போடலாம் போல மின்னியது. மூன்றாவது ஆண்டு மழை முடிந்து பார்த்தபோது உட்காரும் பலகை பளபளவென்று இருக்கிறது. காலின் அடிப்பகுதியில் பேனாக்கத்தியை வைத்து அழுத்தினால் வாழைத்தண்டில் இறங்குவதுபோல் இறங்குகிறது. சுவரோடு ஒட்டிய பின்பலகையைப் பெயர்த்தபோது அதன் முதுகில் கரையான் கட்டிய மண்வரிகள். பெஞ்சின் முன்பக்கம் பார்த்த யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

நடந்தது இதுதான். மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு அதன் எடையில் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் வேண்டும். அதற்குக் கீழே அது வளராது. மழையில் நனைந்த பலகை ஓரிரு நாளில் காய்ந்துவிட்டால் பூஞ்சைக்கு நேரம் கிடைப்பதில்லை. ஆனால் சிமென்ட்டுக்குள் நின்ற கால் மழைக்காலம் முழுவதும் காயவே இல்லை. வார்னிஷ் தண்ணீரை வெளியே நிறுத்தும் என்று நினைத்தேன். காலின் அடியிலிருந்து ஏறிய தண்ணீர் வெளியேற முடியாமல் அதை உள்ளேயே பூட்டிவைத்தது அந்த வார்னிஷ். மரத்தின் வெட்டுமுனை ஒரு கட்டுப் புல்லாங்குழல் போல: அத்தனை துளையும் அங்கே திறந்திருக்கிறது. பக்கவாட்டில் குடிப்பதைவிடப் பல மடங்கு வேகமாக அந்த முனை வழியாக மரம் தண்ணீர் குடிக்கும். அந்த முனையைத்தான் நான் சிமென்ட் குழியில் ஊன்றியிருந்தேன்.

மர வகைகளின் ஆயுளை நம் நாட்டில் எப்படி அளந்தார்கள் தெரியுமா? சிறு மர முளைக்குச்சிகளைப் பாதி மண்ணில் புதைத்து, எத்தனை மாதம் தாங்குகிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள். அந்தச் சோதனையில் சராசரியாக 120 மாதங்களைத் தாண்டுபவை முதல் வகுப்பு மரங்கள். தேக்கின் வைரம், அதாவது நடுவே நிறம் முதிர்ந்த பகுதி, அந்த வகுப்பில்தான் இருக்கிறது. மண்ணுக்குள் பத்து ஆண்டு என்றால் பெரிய சாதனைதான், ஆனாலும் அழிவில்லாதது என்று பொருளில்லை. அதே மரம் வீட்டு உத்தரத்தில் நூறு ஆண்டு கிடக்கிறது. காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் பர்மா தேக்குத் தூண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை ஒவ்வொன்றும் கல் பாதத்தின்மேல் நிற்கின்றன. மண்ணில் ஊன்றவில்லை. அந்தத் தச்சர்களுக்கு யாரும் ஈரப்பத அளவு சொல்லித் தரவில்லை.

அதனால் மரக்கடைக்குப் போகும் முன் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போங்கள். பெஞ்ச் வரப்போகும் சுவரோரமாக ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். எங்கேயாவது தேங்கி நின்றால், குறிப்பாகச் சுவர் மூலையில் நின்றால், முதல் வேலை கொத்தனாருக்கு, ஆசாரி அப்புறம். தரை சுவரிலிருந்து விலகி வடிகாலை நோக்கிச் சரிய வேண்டும், அடிக்கு எட்டில் ஒரு அங்குலமாவது. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி தொடக்கம் வரை கொட்டித் தீர்க்கிறது. அந்த இரண்டரை மாதத்தில் பெஞ்சின் அடியில் தண்ணீர் நின்றால், மேலே நீங்கள் பூசியது எதுவாக இருந்தாலும் காசு வீண்.

அடுத்தது அமைப்பு. ‘நிரந்தரமாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்லப்போவது பார்ப்பதற்கு நிரந்தரம், ஆனால் பத்து நிமிடத்தில் கழற்றி எடுக்கக்கூடியது. தரையில் நிற்கும் பகுதியைச் செங்கல்லில் கட்டிவிடுங்கள். மரம் தரையைத் தொடவே வேண்டாம். நம் ஊர்த் திண்ணையில் பாதியைக் கல்லாகவும் பாதியை மரமாகவும் ஆக்குகிறோம், அவ்வளவுதான்.

8 அடிக் கைக்கு மூன்று சிறு தூண்கள், 5 அடிக் கைக்கு இரண்டு. ஒவ்வொன்றும் 9 அங்குல அகலம், முன்பின்னாக ஒன்றரைச் செங்கல் ஆழம், மேலே மூடும் கடப்பாக்கல்லோடு சேர்த்து 12 அங்குல உயரம். தூணின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே 2 அங்குலம் விடச் சொல்லுங்கள். கொத்தனார் “எதற்கு சார் இந்தச் சந்து, ஒட்டியே கட்டிவிடலாமே” என்று கட்டாயம் கேட்பார். அந்தச் சந்தில்தான் தண்ணீர் ஓடும், துடைப்பக் குச்சி நுழையும், கரையான் ஏறினால் கண்ணில் படும். முன்பக்கம் தூண்கள் பெஞ்சின் விளிம்பிலிருந்து 3 அங்குலம் உள்ளே தள்ளி இருக்கட்டும். எழுந்திருக்கும்போது குதிகாலைப் பின்னே இழுக்க இடம் வேண்டும். அது இல்லாத பெஞ்சில் வயதானவர்கள் எழத் திணறுவார்கள்.

இன்னொன்று. சுற்றுச்சுவரில் முளை அடித்து அதிலிருந்து பெஞ்சைத் தொங்கவிடும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். நம் சுற்றுச்சுவர்கள் பெரும்பாலும் நாலரை அங்குலம். மூன்று பேர் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்து இழுக்கும் விசையை அவை தாங்கும் என்று நம்பாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொதுவான சுவராக இருந்தால் ஓட்டை போடுவதற்கு முன்பே வேறு சிக்கல் தொடங்கும். இதே பெஞ்சை மொட்டை மாடியில் போட நினைப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன்: நீர்க்கசிவுத் தடுப்பு செய்த தளத்தில் ஒரு துளைகூடப் போடாதீர்கள்.

தூண்களின் மேல் நீளவாக்கில் இரண்டு சட்டங்கள் ஓடும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மூன்றுக்கு இரண்டு அங்குலச் சட்டம், நிமிர்த்தி வைத்தது. கடப்பாக்கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே கால் அங்குலக் கெட்டி ரப்பர் அல்லது நைலான் துண்டு. கல்லில் படியும் ஈரம் மரத்துக்கு ஏறாது. சட்டத்தைத் தூணோடு பிடிக்க ஒவ்வொரு தூணிலும் சிறிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆங்கிள் போதும். சட்டங்களின் மேல்தான் உட்காரும் தட்டிகள் வரும். 8 அடிக் கைக்கு 4 அடித் தட்டிகள் இரண்டு, 5 அடிக் கைக்கு ஒன்று.

தட்டி செய்வதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பெஞ்சின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. மூன்றுக்கு ஒன்று அங்குல ரீப்பர், அதாவது ஒல்லியான நீட்டுப் பலகை, வாங்கினால் இழைத்து முடிக்கும்போது 70 மில்லிமீட்டர் அகலமும் 22 மில்லிமீட்டர் கனமும் நிற்கும். ஆறு ரீப்பர், நடுவே 7 மில்லிமீட்டர் இடைவெளி. மொத்த ஆழம் 455 மில்லிமீட்டர், அதாவது 18 அங்குலம். அகலப் பலகை இரண்டு போட்டால் வேலை குறையுமே என்று ஆசாரி சொல்வார். சம்மதிக்காதீர்கள். மரம் நீளத்தில் ஏறத்தாழ அசைவதே இல்லை. அகலத்தில்தான் ஈரம் குடித்து விரியும், காய்ந்து சுருங்கும். நான்கு அங்குலத் தேக்குப் பலகை சித்திரையிலிருந்து கார்த்திகைக்குள் ஒன்றரை மில்லிமீட்டர் வரை விரியலாம். ஒன்பது அங்குலப் பலகை அதற்கு இரு மடங்குக்கு மேல் விரியும். இரண்டு பக்கமும் திருகாணியால் இறுக்கிப் பிடித்திருந்தால் நடுவில் வெடிக்கும், இல்லையென்றால் கிண்ணம்போல் குழிந்து தண்ணீரைத் தாங்கும். ஒல்லியான ரீப்பருக்கு அந்தத் தொல்லை குறைவு. வேலையைக் கோடையில் செய்தால் இடைவெளியை 8 மில்லிமீட்டராக வையுங்கள். மழைக்குப் பிறகு, மரம் ஊறியிருக்கும் நாளில் செய்தால் 6 போதும். ஒரே அளவில் இடைவெளி வர, பிளைவுட் துண்டுகளை அந்தக் கனத்தில் அறுத்து நடுவே செருகிக்கொண்டு அடித்தால் போதும்.

ஒவ்வொரு ரீப்பரின் மேல் விளிம்புகளையும் இழைப்புளியால் 3 மில்லிமீட்டர் மழித்துவிட வேண்டும். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. கூரான விளிம்பில் எந்தப் பூச்சும் மெல்லிசாகத்தான் நிற்கும், முதலில் உரிவதும் அங்கேதான். தொடையிலும் குத்தாது.

குறுக்குச் சட்டங்கள் மூன்றுக்கு இரண்டு, படுக்கை வாட்டில். 4 அடித் தட்டிக்கு மூன்று, 5 அடித் தட்டிக்கு நான்கு. ஒன்றுக்கொன்று 20 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. இவற்றின் மேல்முகத்தை முழுவதும் தட்டையாக விடாமல் இரண்டு ஓரங்களையும் சரித்து, நடுவில் ஒரு அங்குலம் மட்டும் ரீப்பரைத் தொடுமாறு செய்யுங்கள். மரமும் மரமும் ஒட்டும் இடத்தில்தான் மழைத்தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். ஒட்டும் பரப்பு குறைந்தால் காய்வது எளிது. உட்காரும் தளம் பின்பக்கம் அரை அங்குலம் தாழ்ந்திருந்தால் இடுப்புக்கு இதம். அதற்காகவும் இந்தச் சட்டங்களின் அடியையே கொஞ்சம் சரித்து இழைத்துக்கொள்ளலாம்.

இனி தட்டியைத் தரையில் குப்புறப் போட்டுப் பூட்டுங்கள். திருகாணிகள் எல்லாம் அடியிலிருந்து ஏற வேண்டும். குறுக்குச் சட்டத்தில் முதலில் 10 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அகன்ற குழி, அதன் நடுவே திருகாணிக்கான துளை. 50 மில்லிமீட்டர் திருகாணி போட்டால் ரீப்பருக்குள் 15 மில்லிமீட்டர் இறங்கும், மேலே எட்டிப் பார்க்காது. ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு. மொத்தம் 120 திருகாணிகள், பொறுமை வேண்டும். ஆனால் திருப்பிப் போட்டால் உட்காரும் முகத்தில் ஒரு துளைகூட இருக்காது, தண்ணீர் தேங்கும் குழியும் இருக்காது, வெயிலில் சூடேறிய உலோகத் தலை யாரையும் சுடாது. 4 அடித் தட்டி தேக்கில் ஏறத்தாழ 10 கிலோ வரும். உங்கள் மனைவியே ஒற்றை ஆளாகத் தூக்கிவிடலாம். நீளச் சட்டத்தோடு பிடிக்கத் தட்டிக்கு நான்கு போல்ட், அவ்வளவே.

மூலை எப்படி என்று கேட்பீர்கள். படச்சட்டம் போல 45 பாகையில் அறுத்துச் சேர்க்கச் சொல்லாதீர்கள். முதல் மாதம் பார்க்க அருமையாக இருக்கும்; ரீப்பர்கள் விரிந்து சுருங்கும்போது அந்தக் கோணல் வெட்டின் வாய் திறந்துகொள்ளும், திறந்த வாயில் இரண்டு வெட்டுமுனைகளும் தண்ணீர் குடிக்கும். 8 அடிக் கை மூலை வரை நேராக ஓடட்டும். 5 அடிக் கை அதன் பக்கவாட்டில் அரை அங்குல இடைவெளி விட்டு நிற்கட்டும். சுவருக்கும் தட்டிக்கும் எல்லா இடத்திலும் ஒரு அங்குலம்.

மரத்துக்கு வருவோம். கன அடிக் கணக்கு: அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும், நீளத்தை அடியிலும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. ரீப்பர் 78 அடி, குறுக்குச் சட்டம் 15 அடி, நீளச் சட்டம் 26 அடி. மூன்றும் சேர்ந்து 3.3 கன அடி. சேதாரம் சேர்த்து 4 கன அடி வாங்குங்கள். மரவாடியில் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு போகிறவருக்குக் கிடைக்கும் மரியாதை தனி.

தேக்கு என்று கேட்டாலே போதாது. மரத்தின் நடுவே நிறம் முதிர்ந்த பகுதி வைரம். அதைச் சுற்றி வெளிறிய பகுதி வெள்ளை. பூஞ்சையையும் கரையானையும் எதிர்க்கும் சாறு வைரத்தில்தான் இருக்கிறது. தேக்கின் வெள்ளைக்கும் சாதாரணப் பலகைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பதினைந்து ஆண்டில் வெட்டிய தோட்டத் தேக்கில் பாதிக்குப் பாதி வெள்ளையாகக்கூட இருக்கும். தூத்துக்குடி வழியாக இறங்கும் கானா, ஈக்வடார் நாட்டுத் தோட்டத் தேக்கும் பெரும்பாலும் ஒல்லி மரங்கள். மோசம் என்று ஒதுக்க வேண்டாம், ஒவ்வொரு சட்டமாகப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். கைக்குட்டையை நனைத்துப் பலகையில் ஒரு இழுப்பு இழுத்தால் வைரமும் வெள்ளையும் கோடு போட்டாற்போல் பிரிந்து தெரியும். நிறம் பூசி வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு சீவல் சீவிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

தேக்கைவிட விலை குறைவாக வேண்டுமென்றால் என் தேர்வு அயனி. மலையாளிகள் ஆஞ்ஞிலி என்பார்கள். குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் வீட்டுக்கும் படகுக்கும் ஆகிவந்த மரம். ஆலப்புழையில் போட்டிக்கு ஓடும் பாம்புப் படகுகள் இந்த மரம்தான். தண்ணீரில் கிடந்து பழகிய சாதி. செங்கோட்டைப் பக்க மரவாடிகளில் விசாரித்தால் கிடைக்கும். பலாவும் அதன் உறவுதான், வைரம் நன்றாக இருந்தால் தாராளமாகப் போடலாம். வேங்கை உறுதியில் குறையாது, ஆனால் நனைந்தால் சாயம் இறக்கும். வேங்கைக் குவளையில் வைத்த தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கறை உங்கள் தரையிலும் வெள்ளை வேட்டியிலும் விழும். பூவரசு எனக்குப் பிடித்த மரம், வண்டிச் சக்கரத்துக்கும் படகுக்கும் பயன்பட்டது. நேரான நீளச் சட்டம் கிடைப்பதுதான் அரிது. வேம்பைக் கரையான் தொடாது என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும், வெயிலில் முறுக்கிக்கொள்ளும் மரத்தை ரீப்பராக அறுத்து நான் போட மாட்டேன்.

இடித்த வீட்டு மரம் கிடைத்தால் அதிருஷ்டம். பல ஆண்டுகள் காய்ந்து அடங்கியது, இனி அதிகம் அசையாது. ஆணிகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, சந்தேகமான இடத்தில் காந்தத்தை ஓட்டிப் பார்த்த பிறகே வாளுக்கு அனுப்புங்கள். ஒரு பழைய ஆணி வாள் பல்லைத் தின்றுவிடும்.

பைன் மரம் பற்றி ஒரு எச்சரிக்கை. இறக்குமதிப் பெட்டிகளையும் சரக்கு அடுக்கும் அடித்தட்டுகளையும் பிரித்த பைன் மரம் மலிவாகக் கிடைக்கிறது. அதில் ‘எச்டி’ என்று ஒரு முத்திரை இருக்கும். அது ‘டிரீட்’ செய்த மரம், வெளியில் தாங்கும் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அந்த முத்திரையின் பொருள், மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்பது மட்டுமே. ஒரு நாட்டுப் பூச்சி இன்னொரு நாட்டுக்குப் போகாமலிருக்கச் செய்வது. மழைக்கும் பூஞ்சைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. திருவான்மியூர் முற்றத்தில் அது இரண்டு மழையைத் தாண்டினால் ஆச்சரியம். மெரைன் பிளைவுட்டும் அப்படியே ஏமாற்றும். 710 என்ற தரமுத்திரை உள்ள பலகையின் பசை 72 மணி நேரக் கொதிநீரைத் தாங்கும்; பசை தாங்கும் என்பதற்காக மேல் ஏடு வெயிலில் வெடிக்காமல் இருக்காது.

வாங்கிய மரம் காய்ந்ததா என்று அறிய ஈரமானி இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. ஒரு முழ நீளத் துண்டைச் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். காற்றோட்டமான அறையில் இரண்டு வாரம் விட்டு மறுபடியும் நிறுங்கள். எடை கணிசமாகக் குறைந்தால் மரம் இன்னும் பச்சை. மற்ற சட்டங்களை நடுவே குச்சி கொடுத்து அடுக்கி, நிழலில் காத்திருக்கத்தான் வேண்டும்.

திருகாணியில் மிச்சம் பிடிக்காதீர்கள். இரும்பு போட்டால் கடல் காற்றில் துரு. தேக்கிலும் வேங்கையிலும் உள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்து மை கொட்டியதுபோல் கறுக்கும். பித்தளை கறுக்காது, ஆனால் மென்மையானது, கெட்டி மரத்தில் கழுத்து முறியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வழி. கடலுக்கு இவ்வளவு அருகில் 304-ஐவிட 316 தரம் நல்லது. கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி “பாருங்கள், ஒட்டவில்லை, அசல் எஸ்எஸ்” என்பார். மட்டமான 202 தரமும் காந்தத்தில் ஒட்டாது, அதனால் அந்த வித்தையை நம்ப வேண்டாம். தரம் அச்சிட்ட பெட்டியாக வாங்குங்கள். துளையிடாமல் நேரே முறுக்கினால் மரம் பிளக்கும், திருகாணியும் சூடேறிச் சிக்கிக்கொள்ளும். துளையிட்டு, மரையில் கொஞ்சம் மெழுகு தேய்த்து முறுக்குங்கள்.

இப்போதுதான் பூச்சு. இத்தனைக்கும் பிறகு அது சின்ன விஷயமாகிவிடுகிறது. வார்னிஷ், பாலிஷ் என்று மேலே ஏடாக நிற்கும் எதையும் கூரையில்லாத இடத்தில் பூசாதீர்கள். மரம் அசையும், ஏடு அசையாது. மயிர் போல ஒரு விரிசல் விழும், அதன் வழியே தண்ணீர் புகும், பிறகு உரித்தெடுக்க உப்புத்தாளோடு ஒரு வாரம் போகும். வெளிமரத்துக்கென்று விற்கும், ஊறி இறங்கும் எண்ணெய் வகையே நல்லது. தட்டியைப் பூட்டும் முன்பே எல்லா முகங்களுக்கும் ஒரு கை, வெட்டுமுனைகளுக்கு மட்டும் மூன்று கை. அரை மணி கழித்து மேலே மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லையேல் பிசுபிசுக்கும். ஆளி விதை எண்ணெய் கலந்த எண்ணெய் என்றால் அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவிட்ட பிறகே குப்பைக்கு.

கண்ணுக்குத் தெரியாத நீளச் சட்டங்களுக்கு முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் பூசலாம். நம் கடற்கரையில் வள்ளங்களுக்கு அதைத்தான் பூசிவந்தார்கள். கறுப்பாக, நாற்றத்தோடு இருக்கும். ஆனால் பூச்சி அண்டாது. கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வெந்து கொப்புளம் போடும், முழுக்கக் காய்ந்த பிறகே கோக்க வேண்டும். உட்காரும் இடத்துக்கு அது ஆகாது.

தேக்காக இருந்தால் எண்ணெயே பூசாமல் விடுவதும் ஒரு வழி. ஓராண்டில் வெயில் மேல்தோலின் நிறத்தை எடுத்துவிடும். பொன்னிறம் போய் வெள்ளி நரை வரும். மரத்தின் வலிமைக்கு ஒன்றும் ஆகாது. என் இப்போதைய பெஞ்ச் அப்படித்தான் இருக்கிறது, வருகிறவர்கள் “பாலிஷ் போடக் கூடாதா” என்று கேட்டுவிட்டு அதிலேயே உட்காருகிறார்கள். பொன்னிறம் வேண்டுமென்றால் ஆண்டுக்கு இரண்டு முறை எண்ணெய்: மழைக்கு முன் புரட்டாசியில், மழை ஓய்ந்து மரம் காய்ந்த பிறகு தையில்.

மழைக்காலத்தில் பெஞ்சைக் காப்பதாக நினைத்துத் தார்ப்பாய் போர்த்த வேண்டாம். அதனடியில் மரம் வியர்க்கும். பத்து நாளில் கறுப்புப் பூஞ்சை படரும். பூந்தொட்டியை மேலே வைக்க வேண்டாம். தினமும் ஒரே இடத்தில் கசியும் தொட்டி, மழையைவிடக் கெடுதல். மெத்தைகளை இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள். மாசியில் ஒரு ஞாயிறு போல்ட்டுகளைக் கழற்றித் தட்டிகளைத் தூக்கி, நீளச் சட்டங்களின் முதுகையும் தூண்களின் பின்சந்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பென்சில் கனத்தில் மண்கோடு தெரிந்தால் கரையான் வழி தேடுகிறது. கோட்டைச் சுரண்டிவிட்டு, அது தரையில் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்து அங்கே மருந்து வையுங்கள்.

அடியில் பொருள் வைக்கும் விஷயம் பாக்கி. நான் சொன்ன அளவுப்படி தூண்களுக்கு நடுவே 30 அங்குல அகலமும், நீளச் சட்டத்தின் அடியில் 12 அங்குல உயரமும் திறந்திருக்கும். சக்கரம் வைத்த மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, 11 அங்குல உயரத்துக்குள், சந்துக்கு ஒன்றாகத் தள்ளிவிடலாம். 8 அடிக் கையில் இரண்டு, 5 அடிக் கையில் ஒன்று என மூன்று பெட்டிகள் பிடிக்கும். தரையைக் கழுவும் நாளில் இழுத்து வெளியே விட்டுவிட்டுக் கழுவட்டும்.